ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

"பேசாம ஃபார்மட் போட்டுடலாமா?"

சொந்தக்காரர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணி எனக்குப் போன் வந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் வந்துதான் நிற்கும். ஸ்கிரீன் கறுப்பா இருக்கு, ஃபார்மட். நெட் வரல, ஃபார்மட். பிரிண்டர் பேப்பரை இழுக்கல, அதுக்கும் ஃபார்மட். (கடைசியதை நான் இட்டுக்கட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்கள்.)

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் ஆறு மாதம் ஓட்டினாலே வைரஸும் வேண்டாத டூல்பாரும் சேர்ந்து மெஷினை மூச்சுத் திணற வைத்துவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிடியைச் செருகினால் மறுபடி துள்ளி ஓடும். சர்வீஸ் கடைக்கும் அது சௌகரியம். கோளாறு எங்கே என்று குடைந்துகொண்டிருக்க வேண்டாம், "சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிடலாம், கூலியும் முன்பே பேசிய கூலி. ஆனால் இன்றைக்கு அந்த மருந்துக்குப் பலன் குறைவு, பக்கவிளைவு அதிகம். கோளாறு கரண்டிலோ ரேமிலோ டிஸ்க்கிலோ இருந்தால் விண்டோஸை எத்தனை தடவை புதிதாகப் போட்டாலும் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். போனது உங்கள் கோப்புகளும், பாஸ்வேர்டுகளும், இரண்டு நாள் நிம்மதியும்.

அதனால் போனை எடுத்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் வீட்டுல என்ன மாறுச்சு?" முதல் பதில் எப்போதும் "ஒண்ணுமே மாறல." இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் வெளியே வரும். வெள்ளை அடிச்சோம். மேசையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டோம். பேரன் லீவுக்கு வந்து ஏதோ கேம் ஏத்தினான். ஏசி வாங்கி அதே பிளக் பாயிண்டில் மாட்டினோம். பாதி விடை அதிலேயே இருக்கும். மீதிப் பாதிக்குச் சுவரிலிருந்து ஆரம்பித்து உள்ளே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரேமைக் கழற்றி, கேபிளை மாற்றி, டிரைவரையும் அப்டேட் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தால், சரியானாலும் எதனால் சரியாச்சு என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

சுவர் என்று சொன்னது சும்மா இல்லை. சித்தி ஒருநாள் சொன்னார், "சிபியுவைத் தொட்டா சுர்ருங்குது. வெறுங்கால்ல நின்னா இன்னும் ஜாஸ்தி." சிபியுவுக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். இது நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, இன்னொன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. அவை வழியே எப்போதும் துளி மின்சாரம் கசியும், கசியத்தான் செய்யும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், அந்த இரும்புப் பெட்டியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். ஓடுகிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, சுர்ரென்று கடிக்கும். புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினாலும் இதே கடிதான், ஏனென்றால் அதற்குள்ளும் அதே கெப்பாசிட்டர்கள்.

சித்தி வீட்டில் சுவர் பிளக்கில் எர்த் நன்றாகவே இருந்தது. கோளாறு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். மலிவு விலை பாக்ஸ்கள் பலவற்றில் வெளியே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். மூன்றாவது ஓட்டை பார்வைக்கு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிளக்கில் எர்த் பின்னை மட்டும் நீளமாக வைத்திருப்பது அழகுக்கு இல்லை. செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியாக விடவும்தான். சுவரிலேயே எர்த் வேலை செய்யவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி உள்ள தனி வீடு என்றால், கோடையில் குழி காய்ந்து போயிருக்கலாம், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்னொன்று: சுர்ரென்ற கடியாக இல்லாமல் கையை உதறும் அளவு ஷாக் என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

கரண்ட் பேச்சிலேயே யுபிஎஸ். "யுபிஎஸ் இருக்கு, ஆனா கரண்ட் போனா சிஸ்டமும் சேர்ந்து போயிடுது" என்றால் யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். வீடுகளில் வைக்கும் 600 விஏ பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு 12 வோல்ட், 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கும். அதற்கு ஆயுள் இரண்டு மூன்று வருஷம். 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இந்த வகை பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் மே மாதத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும்போது அது இழுக்கிற இழுப்பைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

யுபிஎஸ் இல்லை, வீட்டுக்கே இன்வெர்ட்டர் போட்டிருக்கிறோம் என்கிறவர்கள், கரண்ட் போகும்போது விளக்கு லேசாகச் சிமிட்டிவிட்டு கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். வரும் கரண்ட் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாக்குப் பிடிப்பது ஏறத்தாழ 16, 17 மில்லி விநாடிதான். அதற்குள் இன்வெர்ட்டர் கைமாற்றிவிட வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் "யுபிஎஸ் மோட்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்தப் பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறும். வாங்கிய நாள் முதல் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்பிளே இல்லை. மானிட்டர் வேறு இன்புட்டில் நிற்கிறதா, தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிளை மதர்போர்டில் குத்தியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வீடு மாற்றியவர்கள் வீட்டில் அனேகமாக இதுதான். அதுவும் சரி என்றால் ரேம். நம் ஊர் டெக்னீஷியன்கள் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இணையத்தில் இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. கிண்டலில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. காண்டாக்ட் மேல் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு; சொரசொரப்பான மை ரப்பரால் தேய்த்தால் அதுவே உரிந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணிதான் முறையான வழி. ஆனாலும் ரப்பர் வைத்தியம் பலிப்பது ஏன் என்றால், பெரும்பாலும் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டியதாலேயே பாதி சரியாகிவிடுகிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது அடிக்கடி வரும், உப்புக் காற்று. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. எது கெட்டது என்று அதுவே சொல்லிவிடும். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சச் சார்ஜ் இறங்கிவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஆளை அடிக்கும்.

இனி எனக்குப் பிடித்த கோளாறு. பெரியப்பா கூப்பிட்டார்.

"தம்பி, நெட்டு போச்சுப்பா. ஃபோன்ல வருது, சிஸ்டத்துல வரல."

"ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே படிங்க பெரியப்பா."

"கனெக்‌ஷன் பிரைவேட்டா இல்லையாம். எவனோ ஒட்டுக் கேக்குறானாடா?"

"இல்ல பெரியப்பா. கீழ வலது ஓரத்துல தேதி என்ன காட்டுது பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "2016-ங்குது. நான் ரிட்டயர் ஆகாத காலம்டா இது!"

மதர்போர்டில் ஐம்பது காசு வட்டத்தில் ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். மெஷினுக்குச் சுவரிலிருந்து கரண்ட் வராதபோது கடிகாரத்தை ஓட வைப்பது இதன் வேலை. சுவர் ஸ்விட்ச் போட்டே இருந்தால் இதற்கு ஏறக்குறைய ஓய்வு. நம் வீடுகளில் ராத்திரி எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்போம் என்பதால் தினமும் ராத்திரி முழுக்க இது உழைக்கிறது. சில வருஷத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் கடிகாரம் மதர்போர்டு பிறந்த காலத்துக்கு ஓடிவிடும். இதற்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கு அனேகமாக எல்லாத் தளமும் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. அந்தச் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2016-இல் இருந்துகொண்டு பார்த்தால், எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே பிறக்காதவை. பிரவுசர் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிடுகிறது. வருஷக்கணக்கில் தள்ளிப்போன நேரத்தை விண்டோஸும் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவதுண்டு.

ஆன் செய்யும்போதெல்லாம் எஃப்1 அழுத்து என்று கேட்கிறதா, தேதியைச் சரி செய்தாலும் மறுநாள் காலையில் பழைய தேதிக்கே போகிறதா, அப்படியென்றால் பேட்டரிதான். வாட்ச் கடையில் கிடைக்கும், சில பத்து ரூபாய். எழுத்து உள்ள பக்கம் மேலே வர மாட்டுங்கள். கழற்றிய பழையதை மேசையில் போட்டு வைக்காதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். பெரியப்பா வீட்டில் இதற்கு முன் வந்து பார்த்த ஒருவர் சொன்ன வைத்தியம் என்ன என்று உங்களுக்கே தெரியும். அதைச் செய்திருந்தால், புத்தம்புது விண்டோஸும் 2016-இல் உட்கார்ந்து அதே தவறைக் காட்டியிருக்கும்.

"ஸ்லோவா இருக்கு" என்பதுதான் இருப்பதிலேயே தெளிவில்லாத புகார். எப்போது ஸ்லோ? ஆன் ஆகும்போதா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? பிறகு என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். புராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி படக்கூடாது என்று பூப்போட்ட உறை தைத்து, ஓடிக்கொண்டிருக்கும் சிபியுவுக்கே போட்டு வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து மூடியைத் திறந்தால் புராசஸர் ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி போர்த்தியது மாதிரி தூசி. பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். புளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பல்லி, எறும்பு பற்றித் தனியாக எழுத வேண்டும். அவற்றுக்கு நம் மதர்போர்டின் கதகதப்பு மேல் அப்படி ஒரு பிரியம்.

ஆன் ஆகும்போதே ஸ்லோ என்றால், உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். சுற்றும் தட்டில் ஊசி இங்கும் அங்கும் ஓடித் தேடிப் படிப்பதற்கு ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி விநாடி வரை ஆகிவிடும். ஆக, சிதறிக் கிடக்கும் விவரங்களை விநாடிக்கு நூறு தடவை எடுத்தாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. விநாடிக்குப் பல ஆயிரம் தடவை எடுக்கும். விண்டோஸ் 10-உம் 11-உம் பின்னணியில் சதா எதையாவது படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருப்பவை. அவற்றை ஹார்டு டிஸ்க்கில் ஓட்டுவது கொடுமை. வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய ஒரே செலவு எது என்று கேட்டால், ரேமும் இல்லை, புராசஸரும் இல்லை, எஸ்எஸ்டி என்றுதான் சொல்வேன். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்துகொள்ளலாம். அழித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

ரீஸ்டார்ட் பற்றி ஒரு வார்த்தை. "தினமும் ஷட்டவுன் பண்ணித்தானே வைக்கிறேன்" என்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு மட்டும் அணையாமல், அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுந்திருக்கும். நேற்றைய கோளாறும் கூடவே எழுந்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் "அப் டைம்" பாருங்கள், தினமும் அணைக்கிற மெஷின் பல நாளாக ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொல்லும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நிஜமாகவே அணைந்து எழும். விசித்திரம்தான், ஆனால் உண்மை: கம்ப்யூட்டருக்கு ஷட்டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழு ஓய்வு.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை அது படித்துக் காட்டும். அதில் இரண்டு வரிதான் எனக்கு முக்கியம். ஒன்று, "ரீஅலோகேட்டட்" அல்லது "பெண்டிங்" செக்டர் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப்போகிறது. உடனே கோப்புகளை வேறு இடத்துக்கு எடுங்கள். ரிப்பேர் புரோகிராம் எதையும் ஓட்டாதீர்கள், மூச்சு வாங்கும் டிஸ்க்கை அது இன்னும் ஓட வைக்கும். முதலில் காப்பி, அப்புறம்தான் மற்றதெல்லாம். இன்னொன்று, "சிஆர்சி எரர்" எண்ணிக்கை. இது ஏறினால் டிஸ்க் நன்றாக இருக்கும். கெட்டது அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓடும் சாட்டா கேபிள். அரை முழ வயரை மாற்றினால் தீர்ந்தது. நடுநடுவே ஹேங் ஆகும் மெஷினுக்கு இந்த வயரால் டிஸ்க்கையே மாற்றியவர்கள் உண்டு.

நெட்டுக்கு வருவோம், சுருக்கமாக. ஃபைபர் மோடத்தில் "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் கோளாறு தெருவில் இருக்கிறது, கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஃபோனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அடுத்த அறையில் மட்டும் வேகம் இல்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். வேகம் குறைவு, ஆனால் கான்கிரீட் சுவரை அதுதான் தாண்டும்.

இப்போதெல்லாம் அதிகம் வரும் போன் வைரஸ் பற்றியது. அதில் பெரும்பங்கு வைரஸே இல்லை. "ஏழு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஓரத்தில் சின்னப் பெட்டி வந்துகொண்டே இருக்கும். ஏதோ ஒரு தளத்தில் படம் பார்க்கப் போனபோது "அலோ" என்று கேட்டிருக்கும், இவர்களும் கொடுத்திருப்பார்கள். அது பிரவுசர் நோட்டிஃபிகேஷனுக்குக் கொடுத்த அனுமதி. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் முன்பின் தெரியாத தளங்களை நீக்கினால் அத்தனை வைரஸும் ஒரு நொடியில் செத்துப்போகும்.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஊதி, இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று வருவது அடுத்த ரகம். மைக்ரோசாஃப்டின் எந்தப் பிழைச் செய்தியிலும் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருக்கிறது என்பதே அது மோசடி என்பதற்குச் சாட்சி. எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே மூடுங்கள். யாராவது பெரியவர்கள் ஏற்கெனவே கூப்பிட்டு, ரிமோட் ஆப் போட்டு, பேங்க் விவரமும் கொடுத்திருந்தால் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. நெட்டைப் பிடுங்கிவிட்டு, 1930-க்குப் போன் செய்யுங்கள், பேங்க்குக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் குட்டி அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிறதா? உள்ளே இருந்தது எங்கும் போகவில்லை. வைரஸ் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை நிற்க வைத்திருக்கிறது. நீங்கள் அதை டபுள் கிளிக் செய்தால்தான் உங்கள் மெஷினுக்குத் தாவும். ஆகவே கிளிக் செய்யாமல், வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பழைய ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். உள்ளே இருப்பதை வெளியே காப்பி செய்துகொண்டு, பிறகு பென் டிரைவைத் துடைக்கலாம்.

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் கோளாறு ஒன்று. மாமா ஒருவர் பல வருஷமாகக் கோயில் வரலாறு தட்டச்சு செய்துவருகிறார். கடையில் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள், கோப்பெல்லாம் பத்திரமாக எடுத்தும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் தலபுராணம் முழுக்க ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. "எல்லாம் போச்சு மாப்ள" என்று அழாத குறை. ஒன்றும் போகவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்தின் எண்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் சட்டை கழன்று உள்ளே இருப்பது தெரிகிறது. அதே எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் திரும்ப வரும். அதைவிட, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் கொடுத்து ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. லதா எழுத்துருவில் அமைத்த கோப்பு விண்டோஸ் 10-இல் உருமாறித் தெரிந்தால், "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்று இருப்பதைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் 10 முதல் லதாவை அங்கே ஒதுக்கிவிட்டார்கள்.

விண்டோஸ் 10 என்றதும் அடுத்த கேள்வி வரும். ஆமாம், 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. மெஷின் நின்றுவிடாது, பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷ நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புராசஸரும் வேண்டும். அது இல்லாத மெஷின், பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் போதும் என்கிறவர் கையில் இருந்தால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிடுவேன். பேங்க் வேலை செய்பவர் என்றால் ஆதரவு முடிந்த விண்டோஸில் செய்யாதீர்கள் என்பேன்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர், டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று பெயர். தினசரி வேலையில் அது இருப்பதே தெரியாது. பயாஸ் அப்டேட் செய்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ நீலத் திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் குழந்தை போட்டோ முதல் பத்திர ஸ்கேன் வரை எவராலும் எடுக்க முடியாது. பழைய காலத்து டிஸ்க்கில் தெரியாமல் ஃபார்மட் போட்டாலும் டேட்டா ரெக்கவரிக்காரர் ஏதாவது மீட்டுத் தருவார். பூட்டிய டிஸ்க்கில் போட்டால் அந்த வழியும் அடைபட்டது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் "டிவைசஸ்" பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பெயரைத் திறந்தால் சாவி இருக்கும். கடையில் கணக்கு திறந்து கொடுத்திருந்தால் அது யார் ஈமெயில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல வீட்டில் அது கடைக்காரருடையது. காகிதத்தில் எழுதிப் பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள். அந்த லேப்டாப்புக்குள்ளேயே ஒரு கோப்பாகச் சேமித்து வைக்காதீர்கள்.